காய்ந்த அரளியும் ஆப்பிரிக்க ஆமைகளும்: இராயக்கோட்டை அருகே ஒரு நச்சுணவு நிகழ்வு ஆய்வு

தை மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, கிருஷ்ணகிரி மாவட்டம் இராயக்கோட்டைக்கு அருகில் உள்ள ஒரு தனியார் தோட்டத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கு வளர்க்கப்படும் நான்கு சல்கேட்டா ஆமைகளில் ஒன்று இரவே இறந்துவிட்டது என்றும், இன்னொன்று கழுத்தை வெளியே நீட்டியபடி அசையாமல் கிடக்கிறது என்றும், மூன்றாவது இரண்டு நாட்களாகத் தீவனத்தைத் தொடவில்லை என்றும் உரிமையாளர் கூறினார். குளிரினால் வந்ததாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் தவறானதும் அன்று. இராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்தில் மார்கழியும் தையும் மாட்டுக்கே சாக்குப் போர்த்தும் மாதங்கள். வெயிலில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும் ஊர்வன இனத்துக்கு அந்தக் குளிர் மட்டுமே போதும், செரிமானம் நின்றுபோக.

சல்கேட்டா ஆமை ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் வறள்நிலத்தைச் சேர்ந்தது. காலாபகோஸ், ஆல்டப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக நிலத்தில் வாழும் ஆமைகளில் இதுவே பெரியது. முழுக்க முழுக்கப் புல்லும் தழையும் தின்பது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ள இந்த இனத்தை நம் நாட்டில் வைத்திருப்போர் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 49எம் பிரிவின்படியும், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இறப்பையும் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமையாளர் பதிவு செய்திருந்தார். அதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பதிவில்லாத விலங்கை வைத்திருப்பவர்கள் பயத்தினால் மருத்துவரை அழைக்கவே தயங்குகிறார்கள். நஞ்சு உண்ட விலங்குக்கு அந்தத் தயக்கத்தில் கழியும் இரண்டு நாட்களே உயிரைப் பறித்துவிடுகின்றன.

குளிரா, நஞ்சா

கொட்டிலில் இருந்த வெப்பமானி 17 டிகிரி காட்டியது. கிடந்த ஆமை 18.2 கிலோ எடையுள்ள பெண். இந்தக் கட்டுரையில் இதை முதல் ஆமை என்றே குறிப்பிடுகிறேன். கழிப்புழை வழியாக அளந்த உடல் வெப்பம் 19 டிகிரி. காலைத் தொட்டு இழுத்தால் மெல்லத் திரும்பி இழுத்தது. தலையை ஓட்டுக்குள் வாங்கிக்கொள்ள வலுவில்லை. வாயோரத்தில் சிறிது கோழை இருந்தது. கண்கள் குழிந்திருந்தன.

ஆமையின் இதயத்தை ஸ்டெதாஸ்கோப்பால் கேட்க முடியாது, ஓடு தடுக்கும். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளர் கருவியை, கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் நிறைய ஜெல் தடவி, முனை இதயத்தை நோக்கும்படி சாய்த்து வைத்தால் துடிப்பு தெளிவாகக் கேட்கும். அக்கருவியின் திரையில் தோன்றும் எண்ணை நம்பக் கூடாது, ஏனெனில் அது நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடிக்கும் இதயத்துக்காகச் செய்யப்பட்டது. காதால் கேட்டுக் கடிகாரம் பார்த்துத்தான் எண்ண வேண்டும். முதல் ஆமைக்கு நிமிடத்துக்கு நான்கு துடிப்பு. அவையும் சீராக வரவில்லை. இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வந்தபின் நீண்ட மௌனம், பிறகு ஒன்று, மறுபடியும் மௌனம்.

குளிர்ந்த ஊர்வனவற்றில் துடிப்பு குறைவது இயல்பு. ஆகவே நான்கு என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நல்வாய்ப்பாக, முன்பு நடந்த சண்டையால் தனிக் கொட்டிலுக்கு மாற்றப்பட்டிருந்த நான்காவது ஆமை, 16 கிலோ ஆண், எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அதே குளிரில், அதே 19 டிகிரி உடல் வெப்பத்தில், அதன் இதயம் நிமிடத்துக்கு ஏழு முறை, ஒரே இடைவெளியில் துடித்தது. இரண்டையும் என் மருத்துவமனையின் ஒரே அறையில் வைத்து, எட்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல 28 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஊர்வனவற்றில் தகுந்த வெப்பத்தில் எதிர்பார்க்கத்தக்க துடிப்பைக் கணிக்க, கிலோவில் எடையின் நான்காம் மூலத்தால் 33.4-ஐ வகுக்கும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. அதன்படி இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 16 வர வேண்டும். நலமான ஆமைக்கு 16 வந்தது. முதல் ஆமைக்கு ஏழைத் தாண்டவில்லை; இடையில் 14 விநாடி வரை மௌனம் நீண்டது. குளிர் விலகிய பிறகும் விலகாத அந்த மௌனத்தைக் கேட்டபோதுதான் இது நஞ்சு என்று உறுதியாக எண்ணினேன்.

இதய மின்வரைபடத்தில் மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பின் வர வேண்டிய, கீழறையின் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் அலைகள் பல இடங்களில் இல்லை. மேலறையின் கட்டளை கீழறைக்குச் சேரவில்லை என்பதே அதன் பொருள். கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 8.4 மில்லிமோல், நலமான ஆமைக்கு 5.6. ஆமை இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் இடிடிஏ சேர்த்த குழாயில் எடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும் என்பதால் ஹெபாரின் குழாயில் எடுத்திருந்தேன். இதை இங்கு எழுதக் காரணம், அனுப்பும் இடங்கள் பெரும்பாலும் மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடங்களாக இருப்பதும், அங்கு கைக்கு முதலில் கிடைக்கும் குழாய் இடிடிஏ குழாயாக இருப்பதுமே.

துடிப்பு குறைவதற்கு இந்த வட்டாரத்தில் நான் முதலில் ஐயப்படுவது பூச்சிமருந்தை. மாமரத்துக்கும் தக்காளிக்கும் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து பட்ட புல்லைத் தின்ற ஆட்டை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன். ஆட்டில் கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி விடையைச் சொல்லிவிடும். ஆமையில் அந்தச் சான்று கிடைக்காது. ஊர்வனவற்றின் கண்பாவையைச் சுருக்குவது நம் கைகால் தசையைப் போன்ற வரித்தசை, ஆகையால் பாவை இந்த மருந்துக்கு அசையாது. ஆனால் தசைத் துடிப்போ மிகுதியான உமிழ்நீரோ இல்லை. பொட்டாசியமும் அப்படி ஏறியிருக்கத் தேவையில்லை. நச்சுச்செடிகளில் உண்ணிச்செடி என்றால் கல்லீரல் கெட்டிருக்க வேண்டும்; அப்படி இல்லை என்பதை இறந்த ஆமையின் உடற்கூராய்வு காட்டியது. எருக்கும் அரளியும்தான் எஞ்சின.

தட்டில் கிடைத்த இலை

இறந்த ஆமை 11 கிலோ. உடற்கூராய்வில் கல்லீரலின் நிறம் மாறவில்லை. இதயத்தின் வெளிப்படலத்தில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் பரவியிருந்தன. இரைப்பையில் காய்ந்த புல்லோடு கலந்து, பழுப்பேறிய, தோல் போன்ற கனமான இலைத்துண்டுகள் இருந்தன. அவற்றை வெள்ளை எனாமல் தட்டில் கொட்டி, தண்ணீரில் அலசி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு விரற்கடை அளவுள்ள ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்தபோது, நடு நரம்பிலிருந்து கிட்டத்தட்ட நேர்கோணத்தில் இருபுறமும் புறப்பட்டு, சீப்புப் பல்லைப் போல நெருக்கமாகவும் இணையாகவும் ஓடி, விளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய நரம்பில் போய்ச் சேரும் கிளை நரம்புகள் தெரிந்தன. எருக்கிலை அகலமானது, சாம்பல் பூத்தது. அதில் இந்த நெருக்கம் இராது.

இருந்தாலும் கண்ணை மட்டும் நம்ப விரும்பாமல், கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் துண்டுகளைக் கொண்டுபோனேன். அவர் பிளேடால் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வறள்நிலத் தாவரப் பாடத்துக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் வெட்டிப் பார்க்கும் இலை என்றார். நான் குனிந்து பார்த்தேன். இலையின் அடிப்பக்கத்தில் சிறு சிறு குழிகள், குழிக்குள் மயிர்கள், அந்த மயிர்களுக்கு நடுவே மறைந்து இலைத்துளைகள். நீர் ஆவியாகாமல் காக்க அரளி வைத்திருக்கும் அமைப்பு அது. காய்ந்து, மெல்லப்பட்டு, இரைப்பைச் சாற்றில் இரண்டு மூன்று நாட்கள் ஊறிய பிறகும் அந்தக் குழிகள் அழியாமல் நின்று சாட்சி சொன்னதை நான் மறக்கவில்லை. நச்சியல் ஆய்வகம் தொலைவில் இருக்கும் ஊர்களில் பணிபுரிவோருக்கு, ஒரு பிளேடும் பள்ளிக்கூட நுண்ணோக்கியும் இவ்வளவு உறுதியைத் தரும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் விசாரித்தபோது மீதிக் கதையும் விளங்கியது. ஆமைகளுக்கு வழக்கமாகப் புல் அறுத்துப் போடும் அம்மா, மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் வந்திருந்த இளைஞர் வெளியூர்க்காரர். பக்கத்து நிலத்தில் பூவுக்காகப் பயிரிட்ட செவ்வரளியைக் கவாத்து செய்து வரப்போரம் குவித்திருந்தார்கள். குவியல் காய்ந்து உதிர்ந்து புல்லோடு கலந்திருந்தது. இளைஞர் அந்த வரப்பின் காய்ந்த புல்லைக் கத்தையாக அள்ளிக் கொட்டிலில் போட்டிருக்கிறார். திரும்பி வந்த அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பச்சை அரளியை எங்க ஆடு மோந்துகூடப் பாக்காதுங்க சார். காஞ்சு போச்சுன்னா புல்லோட சேத்துத் தின்னுடும். அதனாலதான் கவாத்து போட்ட காட்டுப் பக்கம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஓட்டவே மாட்டோம்.”

நச்சியல் நூல்கள் சொல்வதும் இதுவேதான். அரளியின் எல்லா உறுப்புகளிலும் ஓலியாண்ட்ரின் முதலான இதய நச்சுப்பொருள்கள் உள்ளன. காய்ந்தால் கசப்புக் குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் உலர்ந்த இலையே உயிரைப் பறிக்கும். 400 கிலோ மாட்டுக்கு அது வெறும் 20 கிராம். விதையை அரைத்துக் குடித்ததாகச் செய்தித்தாள்களில் வரும் மஞ்சள் அரளி வேறு செடி. அதன் நச்சுப்பொருளின் பெயர் தெவெட்டின். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வேலை: இதயத்தசைச் செல்லின் சோடியம்–பொட்டாசியம் பம்பை அடைத்துவிடுவது. பம்பு நின்றால் பொட்டாசியம் செல்லுக்கு வெளியே தேங்குகிறது, உள்ளே கால்சியம் ஏறுகிறது, துடிப்பின் கட்டளை வழியிலேயே அறுகிறது.

சிகிச்சையும் என் பிழையும்

முதல் நாள் மாலை, மூச்சுக்குழாயில் காற்றுப்பை இல்லாத குழல் ஒன்றைச் செருகிப் பாதுகாத்துக்கொண்டு, முன்புறம் தாழ்த்திப் பிடித்து, வெதுவெதுப்பான சலைனால் முதல் ஆமையின் இரைப்பையைக் கழுவினேன். 41 இலைத்துண்டுகள் வந்தன. எங்கள் கள மருத்துவப் பெட்டியில் எப்போதும் இருக்கும் மயக்க மருந்து சைலசின். அது துடிப்பை மேலும் குறைக்கும் என்பதால் அதைத் தொடவே இல்லை. விலங்கு அவ்வளவு தளர்ந்திருந்ததால், கழுத்தில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் போட்டு உணவுக்குழாய்க்குள் நிரந்தரக் குழல் ஒன்றைப் பொருத்துவதற்கு வேறு மயக்கம் தேவைப்படவில்லை. அதன் வழியாகக் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் ஆக்டிவேட்டட் சார்க்கோல் எனப்படும் மருத்துவக் கரியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 14 கிலோ எடையுள்ள மூன்றாவது ஆமைக்கும், துடிப்பு 12 ஆகக் குறைந்திருந்ததால், இதே கரி.

நீர்மம், பாதி நார்மல் சலைனும் பாதி ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கலந்து, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 20 மில்லி. பொட்டாசியம் ஏறிய விலங்குக்குக் கால்சியம் கொடுப்பது வழக்கம். அரளி நஞ்சும் சேர்ந்த டிஜிட்டாலிஸ் வகை இதய நஞ்சில் அது இதயத்தைக் கல்லாக்கிவிடும் என்ற பழைய எச்சரிக்கை இன்று விவாதத்துக்குள்ளாகியிருக்கிறது என்றாலும், டெக்ஸ்ட்ரோஸிலேயே மறுநாள் பொட்டாசியம் 6.9 ஆக இறங்கியதால் நான் அந்தத் துணிவை மேற்கொள்ளவில்லை. துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம், முன்னங்கால் தசையில். பின்னங்காலில் போட்டால் மருந்து முதலில் சிறுநீரகத்தின் வழியே போய் வீணாகலாம். துடிப்பு ஏழிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. ஆனால் அட்ரோபின் குடலின் அசைவையும் கட்டுகிறது. நஞ்சுள்ள இலை குடலில் தங்கும் காலத்தை அது நீட்டும் என்பதால் திரும்பத் திரும்பப் போட மனம் வரவில்லை.

அரளி நஞ்சின் வகையைச் சேர்ந்த டிஜாக்ஸின் என்ற இதய மருந்துக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதத்துண்டு, மஞ்சள் அரளி தின்ற மனிதர்களின் இதயத் துடிப்பை மீட்கிறது என்று இலங்கையில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியது கரி. அதே நாட்டில் 2003-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆறு மணிக்கொரு முறை மூன்று நாட்கள் கரி கொடுக்கப்பட்டவர்களின் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2008-இல் வந்த பெரிய ஆய்வு, பலமுறை கரி கொடுப்பதால் பயனில்லை என்றது. மனிதர்களைப் பொறுத்தவரை இந்த வழக்கு முடியாமல் இருக்கலாம். அரளியின் நஞ்சு பித்தநீரோடு மீண்டும் குடலுக்கு வந்து மறுபடியும் உறிஞ்சப்படுவதால், அங்கே அதைப் பிடித்துவைக்கக் கரி இருக்க வேண்டும் என்ற தர்க்கத்தை நான் ஏற்றேன். ஏற்ற நான், அந்த மூன்று நாள் கணக்கையும் யோசிக்காமல் சேர்த்தே ஏற்றுக்கொண்டதுதான் பிழை.

நான்காம் நாள் முதல் ஆமையின் துடிப்பு 13, சீராக இருந்தது. கரி மலச்சிக்கலை உண்டாக்கும் என்ற பயத்தில் நிறுத்தினேன். ஆறாம் நாள் விடியற்காலை டாப்ளரை வைத்தபோது துடிப்பு ஆறு. முதல் நாள் கேட்ட அதே மௌனம் திரும்பியிருந்தது. அன்று காலை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் நிற்க வைத்ததும், சேர்க்கப்பட்ட பிறகு முதல்முறையாகப் பெரிய எச்சம் போட்டது. தட்டில் அலசினால் அத்தனையும் அரளி.

நடந்தது இதுதான். குளிரில் உறைந்திருந்த குடலில் இலைகள் வெறுமனே கிடந்தன. நான் சூடேற்றினேன், குடல் அசையத் தொடங்கியது, அந்த இலைகள் மேலும் ஊறி நஞ்சைக் கசியவிட்டன. அப்போது அங்கே அதைப் பிடிக்கக் கரி இல்லை. மனிதக் குடலில் மூன்று நாளில் முடியும் பயணம், புல் தின்னும் பெரிய ஆமையில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். குளிர்ந்தால் இன்னும் நீளும். இது எனக்குத் தெரியாத செய்தி அன்று. தெரிந்தும், பாலூட்டிகளின் காலக்கணக்கைக் கை தன்னிச்சையாகப் பிடித்துக்கொண்டது. அந்த விலங்கு அன்று இறந்திருந்தால் அரளியோடு நானும் காரணமாகியிருப்பேன்.

பொட்டாசியம் மறுபடி 7.6. ஒருமுறை அட்ரோபின் போட்டு, கரியை நாளுக்கு ஒருமுறை என்று மீண்டும் தொடங்கினேன். மலச்சிக்கலுக்கு விடையாகக் காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீர்க்குளியல். அறை வெப்பத்தை 30 டிகிரிக்கு உயர்த்தினேன். உறிஞ்சுதல் கூடும் என்ற பயம் இருந்தாலும், கரி உள்ளே இருக்கும்வரை வெளியேற்றத்தை விரைவுபடுத்துவதே நல்லது என்று தோன்றியது. ஒன்பதாம் நாளிலிருந்து, கரிக்கும் உணவுக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, குதிரைமசால் பொடியைக் கூழாக்கிக் குழலில் செலுத்தினோம். கரியை எப்போது நிறுத்துவது என்பதை இம்முறை நாட்காட்டியிடம் கேட்கவில்லை. ஒவ்வோர் எச்சத்தையும் அதே எனாமல் தட்டில் அலசினோம். அடுத்தடுத்து இரண்டு எச்சங்களில் இலை இல்லாமல் போகும்வரை கரி நிற்காது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். பதினேழாம் நாள் மூன்று துண்டுகள். பத்தொன்பதாம் நாள் ஒன்று, நகக்கண் அளவு. இருபத்து மூன்றாம் நாள் கரியை நிறுத்தினேன். மூன்றாவது ஆமைக்கும் அதே கணக்கு; அதற்கு ஏழாம் நாள் துடிப்பு சற்றுத் தளர்ந்ததைத் தவிர வேறு தொல்லை வரவில்லை.

அடுத்து வந்த வாரங்கள்

இருபத்தாறாம் நாள் முதல் ஆமை தானாகத் தின்றது. புல் அறுக்கும் அம்மா முள்ளைத் தணலில் பொசுக்கிக் கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளி மடலை முகர்ந்து பார்த்து, ஓரத்தைக் கடித்து, மெதுவாக அரைத்தது. முப்பத்து மூன்றாம் நாள் குழலை எடுத்தேன். எடை 16.9 கிலோவாக இறங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து 18 கிலோ. அப்போது எடுத்த மின்வரைபடத்தில் ஒவ்வொரு பி அலைக்குப் பின்னும் ஒரு க்யூஆர்எஸ் இருந்தது.

உரிமையாளர் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி, கவாத்துக் கழிவை அன்றன்றே அகற்ற ஏற்பாடு செய்துகொண்டார். எரிப்பதற்கு நான் ஒப்பவில்லை, அரளியின் புகையும் தீங்கானது. குழி தோண்டிப் புதைக்கிறார்கள். கொட்டிலுக்குள் போகும் ஒவ்வொரு கத்தையையும் அந்த அம்மா இப்போது தரையில் உதறிப் பார்த்த பிறகே போடுகிறார். பதிலுக்கு வந்த அந்த இளைஞரை வேலையிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்று உரிமையாளர் முதலில் கோபத்தில் சொன்னபோது, அரளி தெரியாத ஊரிலிருந்து வந்தவர் அவர் என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். காய்ந்த இலையை வெயிலுக்கு நேரே பிடித்து நரம்பு பார்க்க அந்த அம்மாவே அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.